சம வேலைக்குச் சம ஊதியம் (இந்திய அரசுப் பணி)

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது, ஒரே தன்மையும் ஒரே பொறுப்பும் உள்ள வேலையைச் செய்பவர்களுக்கு ஒரே அளவு ஊதியம் தரப்பட வேண்டும் என்னும் கோட்பாடு ஆகும். உலகின் பல நாடுகளில் இது ஆண், பெண் ஊதிய வேறுபாட்டை ஒட்டியே பேசப்பட்டது. இந்திய அரசுப் பணியில் இதன் வரலாறு சற்று வேறு வழியில் சென்றது. சுதந்திர இந்தியாவில் எந்த அரசாணையும் "அதே வேலை, ஆனால் இவருக்குக் குறைந்த சம்பளம்" என்று வெளிப்படையாக எழுதப்படுவதில்லை. வேலை செய்பவருக்கு வேறொரு பெயர் தரப்படுகிறது. வேறு துறை, வேறு பணிப் பிரிவு, தினக்கூலி, தொகுப்பூதியம், மதிப்பூதியம், இன்ன தேதிக்குப் பின் நியமனம் பெற்றவர் என்று அந்தப் பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. இந்தக் கோட்பாட்டுக்கான போராட்டத்தில் பெரும்பகுதி அந்தப் பெயர்களை எதிர்த்து நடந்ததே.

ஆங்கிலேயர் காலம்

1885இல் ஜெகதீஷ் சந்திர போஸ் கேம்பிரிட்ஜ், லண்டன் பட்டங்களுடன் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கு அதே பதவியில் இருந்த ஐரோப்பியருக்குக் கிடைத்த சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆகவே ஐரோப்பியர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கே அவருக்கு வந்தது. இந்தியர் என்பது ஒரு பெயர், தற்காலிகம் என்பது இன்னொரு பெயர். நடத்திய பாடத்தில் வேறுபாடு இல்லை.

போஸ் வேலையை விட்டு விலகவில்லை. வகுப்புகளை ஒழுங்காக நடத்திவிட்டுச் சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். இது மூன்று ஆண்டுகள் நீடித்தது. அப்போது அவர் குடும்பம் கடனில் இருந்தது. தந்தை தொடங்கிய தொழில்கள் நொடித்துப் போயிருந்தன. இறுதியில் கல்லூரி முதல்வரும் கல்வி இயக்குநரும் மனம் மாறினர். பதவி நிரந்தரமாக்கப்பட்டு, முழுச் சம்பளம் சேர்ந்த நாளிலிருந்தே கணக்கிட்டு நிலுவையாகத் தரப்பட்டது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் பயன்பட்டது. சம ஊதியம் கேட்டு இந்திய ஆசிரியர் ஒருவர் நடத்திய போராட்டங்களில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. போஸை வானொலி அலைகளுக்காகவும் தாவர ஆய்வுக்காகவும் பாடநூல்கள் நினைவுகூர்கின்றன. இந்த மூன்று ஆண்டுகளுக்கும் அவற்றில் ஒரு பத்தி ஒதுக்கலாம்.

போஸுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1889இல், எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய பிரபுல்ல சந்திர ராய் அதே கல்லூரியில் மாதம் 250 ரூபாய்க்கு வேதியியல் கற்பிக்கச் சேர்ந்தார். பேரரசுப் பணி என்ற உயர் அடுக்குக்குள் அவர் சேர்க்கப்படவில்லை. மாகாணப் பணி என்ற கீழ் அடுக்கிலேயே வைக்கப்பட்டார். அந்த அடுக்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர். இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்று எழுத வேண்டிய தேவையே இதனால் இல்லாமல் போயிற்று.

ஊதியக் குழுக்கள்

அரசு ஊழியருக்கு எவ்வளவு சம்பளம் தர வேண்டும் என்பதற்கு ஆங்கிலேய அரசு வைத்திருந்த அளவுகோல், 1912இல் அமைக்கப்பட்ட இஸ்லிங்டன் ஆணையத்தின் அறிக்கையில் தெளிவாகக் காணப்படுகிறது. தகுதியான ஆட்களைச் சேர்க்கவும், சேர்ந்தவர்கள் மனம் குன்றாமல் வேலை பார்க்கவும் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் போதும் என்பதே அதன் சாரம். இது சந்தையில் ஆள் பிடிக்கும் கணக்கு. நியாயம் என்ற சொல்லுக்கு இதில் இடமில்லை.

1946இல் சீனிவாச வரதாச்சாரியார் தலைமையில் முதல் மத்திய ஊதியக் குழு அமைக்கப்பட்டது. வாழ்வதற்குப் போதுமான ஊதியம் என்ற எண்ணம் அரசின் ஊதியக் கணக்குக்குள் அப்போதுதான் வந்தது. கடைநிலை ஊழியருக்குப் பஞ்சப்படி சேர்த்து 55 ரூபாயும், உச்சத்தில் 2,000 ரூபாயும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அதாவது சுமார் 36 மடங்கு வேறுபாடு. 2016 முதல் நடப்புக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவில் கடைநிலை 18,000, அமைச்சரவைச் செயலர் 2,50,000 என்று அது 14 மடங்காகக் குறைந்திருக்கிறது.

இந்த இடைவெளியைக் குறைக்கவும் போராட்டங்கள் நடந்தன. இரண்டாவது ஊதியக் குழு குறைந்தபட்ச ஊதியமாக 80 ரூபாயைப் பரிந்துரைத்தது. 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு உணவு, துணி, வாடகை என்று கணக்கிட்டு வகுத்த தேவை அடிப்படையிலான ஊதியத்தைவிட இது குறைவு என்று ஊழியர் சங்கங்கள் கருதின. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்து அதை ஒடுக்கியது. ஆனால் அது மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் இடையிலான வழக்கு. ஒரே மட்டத்தில், ஒரே வேலையில் உள்ள இருவருக்கு இடையிலான வழக்குக்கு ஊதியக் குழுக்களிடம் முழுமையான விடை இருக்கவில்லை. அது நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அரசியலமைப்பில்

இந்திய அரசியலமைப்பின் 39(ஈ) பிரிவு, ஆண், பெண் இருபாலருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் கிடைக்கும் வகையில் அரசு தன் கொள்கையை வகுக்க வேண்டும் என்கிறது. இது அடிப்படை உரிமைகள் பகுதியில் இல்லை. அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள் பகுதியில் இருக்கிறது. அப்பகுதியில் உள்ளவற்றை நீதிமன்றத்தின் வழியாக நடைமுறைப்படுத்தக் கோர முடியாது என்று 37ஆவது பிரிவு சொல்கிறது. சட்டத்தின் முன் சமத்துவம் பற்றிய 14ஆவது பிரிவும், அரசு வேலையில் சம வாய்ப்பு பற்றிய 16ஆவது பிரிவும் அடிப்படை உரிமைகள். அவற்றில் ஊதியம் என்ற சொல் இல்லை. எனவே ஊதியம் பேசும் பிரிவுக்கு வலிமை இல்லை, வலிமையுள்ள பிரிவுகள் ஊதியத்தைப் பேசவில்லை என்ற நிலை 30 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1960களின் தொடக்கத்தில் கிஷோரி மோகன்லால் பக்ஷி வழக்கில், முதல் வகுப்பு வருமானவரி அதிகாரிகள் செய்யும் அதே வேலையைத்தான் இரண்டாம் வகுப்பு அதிகாரிகளும் செய்கிறார்கள் என்று வாதிடப்பட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது வெறும் கருத்தளவிலான கோட்பாடு, 14ஆவது பிரிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று உச்ச நீதிமன்றம் அப்போது கூறிவிட்டது.

ரண்தீர் சிங் வழக்கு

இந்த நிலையை மாற்றியவர் உயர் அதிகாரி அல்லர். தில்லி காவல்துறையில் வண்டி ஓட்டிய ரண்தீர் சிங் என்னும் ஓட்டுநர்-காவலர். அவர் 32ஆவது பிரிவின்கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார்.

அவர் முன்வைத்த கணக்கு எளிமையானது. தில்லி காவல்துறையில் ஓட்டுநர்-காவலருக்கு ஊதிய விகிதம், பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்றால் 210-270 ரூபாய், தேறியவர் என்றால் 225-308 ரூபாய். ரயில்வே பாதுகாப்புப் படையில் ஓட்டுநருக்கு 260-400 ரூபாய். தில்லியின் தலைமைச் செயலக ஓட்டுநர்களுக்கும் 260-400. தீயணைப்புத் துறையில் கனரக வாகனம் ஓட்டுபவருக்கு 330-480. எல்லோரும் அரசு வண்டியைத்தான் ஓட்டினார்கள்; ஒரே ஊரின் சாலைகளில் ஓட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பது கவனிக்கத்தக்கது. மூன்றாவது ஊதியக் குழு ஓட்டுநர்கள் அனைவரையும் ஒரே தொகுதியாக எடுத்து ஆராய்ந்தது. ஆனால் காவல்துறை ஓட்டுநர்களின் பதவிப் பெயரில் காவலர் என்ற சொல் இருந்ததால், அவர்கள் ஓட்டுநர் பட்டியலில் சேராமல் காவலர் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய ஓட்டுநர் வேலையைத் தனியாக யாரும் எடைபோடவில்லை. இதில் தீய நோக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

வேலையில் வேறுபாடு இருக்கிறது என்று அரசு வாதிடவில்லை. அவர்கள் வேறு வேறு துறையைச் சேர்ந்தவர்கள், அதுவே போதும் என்பதுதான் அரசின் பதில். 1982 பிப்ரவரி 22 அன்று நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, ஏ.பி. சென், பகருல் இஸ்லாம் ஆகியோர் அமர்வு இதை ஏற்க மறுத்தது. துறை வேறு என்பதே காரணமாகிவிட்டால், ஒரே அதிகாரமும் ஒரே பொறுப்பும் உள்ள உயர் அதிகாரிகளுக்கும் துறைக்குத் துறை சம்பளம் மாறலாமே என்று தீர்ப்பு சுட்டிக்காட்டியது. காவலருக்கு உரிய கடமைகளும் சேர்ந்திருப்பதால் இவர்களின் பொறுப்பு மற்ற ஓட்டுநர்களுடையதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்றும் கூறியது.

தீர்ப்பின் அடிப்படை வாதம் இது: 39(ஈ) பிரிவை நேரடியாக நடைமுறைப்படுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் 14, 16 ஆகிய பிரிவுகளில் உள்ள சமத்துவத்துக்குப் பொருள் காணும்போது 39(ஈ) பிரிவையும், முகப்புரையில் உள்ள சமதர்மம் என்ற சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் சம வேலைக்குச் சம ஊதியம் என்பது நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடிய உரிமையாகிறது. ரயில்வே பாதுகாப்புப் படை ஓட்டுநருக்குக் குறையாத ஊதிய விகிதத்தை, மூன்றாவது ஊதியக் குழுவின் பரிந்துரை நடப்புக்கு வந்த 1.1.1973 முதல் தர வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. ஒன்பது ஆண்டு நிலுவை என்பது ஓர் ஓட்டுநரின் வீட்டில் சிறிய தொகை அன்று.

அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று டி.எஸ். நகாரா வழக்கில் வந்த தீர்ப்பையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். 31.3.1979 அன்று பணியில் இருந்தவர்களுக்கும் பின்னர் ஓய்வு பெற்றவர்களுக்கும் மட்டும் தாராளமான ஓய்வூதியக் கணக்கீடு தரப்பட்டது. முன்னரே ஓய்வு பெற்றவர்களுக்கு மறுக்கப்பட்டது. ஒரு தேதியை மட்டும் வைத்து ஓய்வூதியர்களை இரண்டாகப் பிரிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது. டிசம்பர் 17 ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான்.

கோட்பாடு சுருங்கிய காலம்

ரண்தீர் சிங் தீர்ப்புக்குப் பின் நாடெங்கும் வழக்குகள் குவிந்தன. பல வழக்குகளில் வேலை உண்மையிலேயே வேறாக இருந்தது. நீதிமன்றமும் மெல்லப் பின்வாங்கியது. அலகாபாத் உயர் நீதிமன்ற அமர்வுச் செயலர்கள் தொடர்பான ஜே.பி. சௌராசியா வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம், இரண்டு பதவிகள் சமமா என்பதை ஊதியக் குழு போன்ற வல்லுநர் அமைப்புகளே முடிவு செய்ய வேண்டும் என்றது. ஒரே வேலையிலும் அனுபவத்தையும் தகுதியையும் வைத்து இரண்டு விகிதங்கள் இருக்கலாம் என்றும் ஏற்றது. பின்வந்த தீர்ப்புகளில் கல்வித் தகுதி, தேர்வு முறை, பொறுப்பின் தரம் என்று வேறுபாட்டுக்கான காரணங்களின் பட்டியல் நீண்டது. வேலை எல்லா வகையிலும் ஒத்தது என்று மெய்ப்பிக்கும் சுமை ஊழியர் தலையில் விழுந்தது.

இதில் ஓரளவு நியாயம் உண்டு. மருத்துவமனைச் செவிலியரின் வேலையும் அலுவலக உதவியாளரின் வேலையும் சமமா என்பதை மனுவையும் எதிர்மனுவையும் படித்து ஒரு நீதிபதி சொல்லிவிட முடியாது. ஆனால் வல்லுநர் குழுவே ஓட்டுநரைக் காவலர் பட்டியலில் போட்டுவிட்டு மறந்த கதைதான் ரண்தீர் சிங் வழக்கு என்பதையும் மறக்கக் கூடாது.

ஆண், பெண் வேறுபாட்டைப் பொறுத்தவரை 1976இன் சம ஊதியச் சட்டம் தெளிவாக இருந்தது. அரசுப் பணியில் பதவிக்கு ஊதியமே தவிர பாலுக்கு ஊதியம் இல்லை என்பதால் வழக்குகள் குறைவு. இருந்தும் உத்தரப் பிரதேசத்தின் மலை மாவட்டங்களில் ஆசிரியைகளுக்கு ஆசிரியர்களைவிடக் குறைந்த விகிதம் தரப்பட்டு வந்ததை 1990களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு நீக்க வேண்டியிருந்தது.

தினக்கூலியும் ஒப்பந்தமும்

இதற்குள் புதிய பெயர்கள் வந்துவிட்டன. நேரு இளையோர் மையங்களில் தினக்கூலிக்கு வைக்கப்பட்ட கடைநிலை ஊழியர்கள் 1980களின் நடுவில் வழக்குத் தொடுத்தனர். கூலி இவ்வளவுதான் என்று தெரிந்தே வேலைக்கு வந்தார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள நாட்டில் பட்டினியா, குறைந்த கூலியா என்று தேர்ந்தெடுப்பதைச் சம்மதம் என்று கொள்ள முடியாது என்ற பொருளில் நீதிமன்றம் அதை மறுத்தது.

2006இல் உமாதேவி வழக்கில் அரசியலமைப்பு அமர்வு, முறையான தேர்வின்றிச் சேர்ந்தவர்கள் பணி நிரந்தரம் கோர உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. நிரந்தரம் இல்லை என்றால் சம ஊதியமும் இல்லையா என்ற கேள்வியில் உயர் நீதிமன்றங்கள் முரண்பட்டன. பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர்கள் தொடர்பான ஜக்ஜித் சிங் வழக்கில் 2016 அக்டோபர் 26 அன்று நீதிபதிகள் ஜே.எஸ். கேஹர், எஸ்.ஏ. பாப்டே அமர்வு விடை சொன்னது. நிரந்தரம் வேறு, ஊதியம் வேறு. நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத் தொகையாவது தரப்பட வேண்டும். குறைந்த ஊதியத்துக்கு யாரும் விரும்பி உழைப்பதில்லை, மனித மாண்புக்கு அது இழுக்கு என்று அத்தீர்ப்பு கூறியது.

மூன்றே ஆண்டுகளில் பீகார் ஆசிரியர்கள் வேறு விடை பெற்றனர். அங்கு ஊராட்சி, நகராட்சி அமைப்புகள் வழியாக நியமிக்கப்பட்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், அதே பள்ளிகளில் இருந்த பழைய அரசு ஆசிரியர்களுக்கு இணையான ஊதியம் கேட்டனர். பாட்னா உயர் நீதிமன்றம் 2017இல் அதை ஏற்றது. 2019 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. பழைய ஆசிரியர்கள் புதிய நியமனமின்றி மறைந்து வரும் ஒரு பணிப் பிரிவு, புதியவர்கள் வேறு முறையில் வேறு அமைப்பால் நியமிக்கப்பட்டவர்கள் என்பது முக்கியக் காரணங்களுள் ஒன்று. வகுப்பறையில் நடக்கும் வேலை ஒன்றுதான் என்பது அங்கு போதுமானதாக இல்லை.

தமிழ்நாட்டில்

1980களில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் மத்திய அரசுக்கு இணையான ஊதியம் கேட்டுப் பெரும் போராட்டங்களை நடத்தினர். 1.6.1988 முதல் அது கிடைத்தது. தொடக்கப் பள்ளிகளில் கற்பிக்கும் இடைநிலை ஆசிரியருக்கு மத்திய அரசின் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு உள்ள விகிதமே வந்தது. 1996க்குப் பின் அது 4,500-7,000 ஆனது.

2003 முதல் சில ஆண்டுகள் புதிய ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000, பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுநிலை ஆசிரியருக்கு 4,500 ரூபாய். பஞ்சப்படி இல்லை, ஆண்டு உயர்வும் இல்லை. 1.6.2006 முதல் இவர்கள் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். 2012இல் பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் 16,549 பேர் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டபோது பழைய முறை வேறு பெயரில் திரும்பி வந்தது.

மிகவும் சிக்கலானது 2009இன் ஊதியத் திருத்தம். ஆறாவது மத்திய ஊதியக் குழுவின் அடிப்படையில் தமிழ்நாடு அரசு 1.6.2009 அன்று புதிய ஊதிய ஆணையை வெளியிட்டது. மத்திய அரசில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு 9,300-34,800 விகிதமும் 4,200 தர ஊதியமும் தரப்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியருக்கு 5,200-20,200 விகிதமும் 2,800 தர ஊதியமும் என்று ஆனது. இருபது ஆண்டுகளாக இருந்த இணை இதில் முறிந்தது.

இதற்குள்ளேயே இன்னொரு முறிவு இருந்தது. ஏற்கெனவே பணியில் இருந்தவருக்குப் பழைய அடிப்படை ஊதியத்தை 1.86ஆல் பெருக்க வேண்டும் என்பது விதி. 4,500ஐ அப்படிப் பெருக்கினால் 8,370 வரும். புதிதாகச் சேர்பவருக்குப் பெருக்க எதுவும் இல்லை. விகிதத்தின் தொடக்கமான 5,200 மட்டும். ஆகவே 2009 மே 31 அன்று பணியில் இருந்தவருக்கு 8,370, மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரு நாள் இடைவெளியில் 3,170 ரூபாய் வேறுபாடு. தகுதி ஒன்று, பாடநூல் ஒன்று, பதவிப் பெயரும் ஒன்று. பிரித்தது தேதி.

அடிப்படை ஊதியத்தில் விழுந்த பள்ளம் அதே அளவில் நிற்பதில்லை. பஞ்சப்படியும் வீட்டு வாடகைப் படியும் ஆண்டு உயர்வும் அடிப்படை ஊதியத்தை ஒட்டியே கணக்கிடப்படுகின்றன. ஏழாவது ஊதியக் குழுவில் அடிப்படையையும் தர ஊதியத்தையும் கூட்டி 2.57ஆல் பெருக்கினார்கள். 5,200ம் 2,800ம் சேர்ந்த 8,000 இப்படித்தான் 20,600 என்ற தொடக்க ஊதியமானது. அதே பெருக்கல் 3,170ஐ 8,100க்கு மேல் கொண்டு போய்விடும். கேந்திரிய வித்யாலயாவில் தொடக்க நிலை ஆசிரியரின் தொடக்க ஊதியம் 35,400. இடையில் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குத் தனி ஊதியமாக 750 ரூபாய் தரப்பட்டது. அது இந்தப் பள்ளத்தை நிரப்பப் போதவில்லை.

பாதிக்கப்பட்ட சுமார் 20,000 ஆசிரியர்கள் 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தனர். சிலர் குழந்தைகளுடன் வந்திருந்தனர். நிதிச்சுமையே அரசுத் தரப்பில் தொடர்ந்து சொல்லப்படும் காரணம். 2023 ஜனவரி 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதை ஆராய மூவர் குழு அமைக்கப்படும் என்று அறிவித்தார். அதற்குப் பின்னும் இதே கோரிக்கையுடன் போராட்டங்கள் நடந்தன. 2009க்கு முன் சேர்ந்த ஒருவரும் பின் சேர்ந்த ஒருவரும் ஒன்றாகக் கற்பிக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் பல உள்ளன. அவற்றின் வருகைப் பதிவேட்டில் இருவர் பெயருக்கும் நேரே இடைநிலை ஆசிரியர் என்றே எழுதப்படுகிறது.